கீழ்த்தாடைக்கு இரண்டு திருகு

பல் எல்லாம் விழுந்துபோன ஒருவருக்குப் பல்செட் கட்ட இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. லேபில் கையால் செய்வது ஒன்று. கணினி சொன்னபடி இயந்திரம் கடைந்தெடுப்பது இன்னொன்று. முப்பரிமாண அச்சில் அடுக்கடுக்காக உருவாக்குவது மூன்றாவது. தாடை எலும்பில் டைட்டானியத் திருகு பதித்து, அதன்மேல் மாட்டும் பல்செட்டுக்கும் இதே மூன்று வழிகள்தாம். ‘டிஜிட்டல் பல்செட்’ என்ற சொல் பெருநகரங்களைத் தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் போன்ற ஊர்களுக்கும் வந்துகொண்டிருக்கிறது. விலை கூடுதலாக இருப்பது மேலானதாகவும் இருக்கும் என்று குடும்பங்கள் நம்பிக் கடன் வாங்குகின்றன. வந்திருக்கும் ஆய்வுகளைப் பொறுமையாகப் படித்தால் வேறு ஒன்று தெரிகிறது. எப்படிச் செய்தார்கள் என்பதைப் பல்செட் போட்டவரின் வாய் பெரும்பாலும் கண்டுபிடிப்பதில்லை. கீழ்த்தாடையில் திருகு இருக்கிறதா இல்லையா என்பதை உடனே கண்டுபிடித்துவிடுகிறது. அப்படியானால் குடும்பத்தின் பணமும் அரசின் பணமும் முதலில் போக வேண்டிய இடம் அந்தத் திருகு. டிஜிட்டல் முறைக்கு உண்மையான பயன் ஒன்று உண்டு. ஆனால் விளம்பரங்கள் சொல்லும் பயன் அதுவல்ல.

முறைகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். வழக்கமான முறையில், மெழுகில் செய்த மாதிரியைப் பிளாஸ்க் என்ற உலோகப் பெட்டியில் வைத்துப் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுப்பார்கள். மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் அக்ரிலிக் மாவை அழுத்தி, வெந்நீர்த் தொட்டியில் மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். 1930களின் பிற்பகுதியில் பழைய ரப்பர் பல்செட்டின் இடத்தைப் பிடித்த இந்த அக்ரிலிக்தான் இன்றும் உலகின் பெரும்பாலான பல்செட்டுகளுக்குப் பொருள். இறுகும்போது அது சுருங்கும். வழக்கமான கலவையில் கன அளவில் ஏறத்தாழ ஏழு சதவீதம். கடைந்தெடுக்கும் முறையில் இந்தச் சுருக்கம் தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுகிறது. அதிக அழுத்தத்தில் ஏற்கெனவே இறுகிய வட்டத் தட்டிலிருந்து இயந்திரம் பல்செட்டை வெட்டி எடுக்கிறது. அச்சு முறையில் திரவப் பிசினை ஒளி படலம் படலமாக இறுக்குகிறது. பிறகு கழுவி, மறுபடி ஒளியில் வைத்து முழுமையாக இறுக்க வேண்டும். பற்களைத் தனியே அச்சிட்டு ஒட்டுவதும் உண்டு. பொருளியலாகப் பார்த்தால் மூன்றும் வேறு வேறு என்பதில் சந்தேகம் இல்லை. கேள்வி, அந்த வேறுபாடு சோறு மெல்லும்போது தெரிகிறதா என்பதுதான்.

அதற்கு முன் கீழ்த்தாடையின் சங்கடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். மேல் பல்செட் அண்ணத்தின் பெரிய பரப்பில் உறிஞ்சு பிடித்து நிற்கும். கீழ் பல்செட்டுக்கு அந்த வசதி கிடையாது. குதிரை லாட வடிவில் ஒரு குறுகிய ஈற்று மேட்டின்மேல், நாக்கும் கன்னமும் இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டே இருக்க, அது உட்கார வேண்டும். அந்த மேடும் நிலையானது அல்ல. பல் போன பிறகு எலும்பு கரைந்துகொண்டே போகிறது. நோயாளிகளை 25 ஆண்டுகள் பின்தொடர்ந்து ஆய்வாளர் தால்கிரென் 1972இல் வெளியிட்ட ஆய்வு, கீழ்த்தாடையின் முன்பகுதி மேல்தாடையைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு தேய்வதாகக் காட்டியது. ‘மேல் செட் பரவாயில்லை, கீழ் செட்தான் நிக்க மாட்டேங்குது’ என்ற புலம்பலுக்கு இதுதான் காரணம். கட்டியவரின் கைத்திறன் குறைவு எல்லா நேரமும் காரணம் அல்ல. எலும்பும் டைட்டானியமும் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்துகொள்ளும் என்பதை சுவீடனின் பிரோனமார்க் கண்டறிந்து, 1965இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார். அதன்பின் கீழ்த்தாடையின் முன்பகுதியில் இரண்டு திருகு பதித்து, பல்செட்டின் அடியில் அதற்கு ஏற்ற குழிகள் வைத்து, டிச் பட்டன் போல அழுத்தி மாட்டும் வழி பிறந்தது. கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் புதிய சாதாரண பல்செட் பெற்றவர்களையும் இரண்டு திருகோடு பல்செட் பெற்றவர்களையும் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டபோது, திருகு பெற்றவர்களின் திருப்தி தெளிவாக உயர்ந்திருந்தது. 2002இல் அங்கே கூடிய வல்லுநர்கள், பல் முழுதும் போன கீழ்த்தாடைக்கு இரண்டு திருகுப் பல்செட்டே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று அறிவித்தனர். 2009இல் பிரிட்டனின் யார்க் கூட்டமும் ஏறக்குறைய அதையே சொன்னது. இருபது ஆண்டுகளுக்கும் மேல் ஆகியும் நம் மாவட்ட மருத்துவமனைகளுக்கு அந்த முடிவு வந்து சேரவில்லை.

இனி செய்முறைக்கு வருவோம். இதே மக்கில் குழு 2005இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு இங்கே அதிகம் பேசப்படாதது. எனக்கு இதுவே இந்த விவாதத்தின் நடுத்தூண். 122 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குப் பாடநூல் சொல்லும் எல்லாப் படிகளோடும் பல்செட் கட்டினார்கள். மறுபாதிக்குச் சில படிகளை விட்டுவிட்டு எளிய முறையில் கட்டினார்கள். திருப்தியில் வேறுபாடு வரவில்லை. எளிய முறையில் பணம் மிச்சம், மருத்துவரின் நேரத்தில் ஒன்றரை மணி அளவுக்கு மிச்சம். பாடநூலின் நுணுக்கங்களையே வாய் கண்டுகொள்ளவில்லை என்றால், அச்சிட்டதா கடைந்ததா என்பதை எந்த அளவு கண்டுகொள்ளும்? இதை நேராகவே சோதித்த ஆய்வுகளும் வந்திருக்கின்றன. சுவிட்சர்லாந்தில் 15 பேருக்குக் கடைந்த பல்செட்டையும் அச்சிட்ட பல்செட்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்து, எது எது என்று யாருக்கும் சொல்லாமல் ஒப்பிட்ட 2021ஆம் ஆண்டு ஆய்வில் நோயாளிகளின் திருப்தி வேறுபடவில்லை. ஜப்பானில் 2022இல் வெளிவந்த அதேபோன்ற சிறிய ஆய்வில் பேச்சு, சுத்தம் செய்யும் வசதி போன்ற சில அம்சங்களில் அச்சிட்டதைவிடப் பழைய முறைப் பல்செட்டே கூடுதல் மதிப்பெண் வாங்கியது. இவை திருகில்லாத பல்செட்டுகள். திருகோடு கூடியவற்றை ஒப்பிடும் ஆய்வுகள் எகிப்தின் பல்கலைக்கழகங்களிலிருந்து நிறைய வருகின்றன. பெரும்பாலும் சிறு குழுக்கள், குறுகிய காலப் பின்தொடர்வு. அவற்றிலும் செய்முறையால் திருப்தி தலைகீழாக மாறியதாகச் சொல்ல முடியாது.

சிறிய ஆய்வில் வேறுபாடு தெரியவில்லை என்பதாலேயே வேறுபாடு இல்லை என்று சொல்லிவிடலாமா என்று புள்ளியியல் படித்தவர்கள் கேட்பார்கள். சரியான கேள்வி. 15 பேரை வைத்துச் சின்ன வேறுபாட்டைப் பிடிக்க முடியாது. நாளை 500 பேரை வைத்து ஆய்வு செய்தால், கடைந்த பல்செட்டுக்கு நூற்றுக்கு மூன்று நான்கு மதிப்பெண் கூடுதல் என்று வரலாம். அதை நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் திருகின் பயனைக் கண்டுபிடிக்க 500 பேர் தேவைப்படவில்லை. சில பத்துப் பேரை வைத்துச் செய்த ஆய்வுகளிலேயே அது பளிச்சென்று தெரிந்தது. தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய அளவு சிறிய பயனுக்கும், தேடாமலே தெரியும் பயனுக்கும் ஒரே விலை கொடுக்கக் கூடாது. அதிலும் கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்ற நிலையில் இருப்பவர் எதை வாங்க வேண்டும் என்பது இன்னும் தெளிவு.

துல்லியம் பற்றிய வாதம் இதைவிட வலுவானது. கடைந்த பல்செட் ஈற்றோடு இறுக்கமாகப் பொருந்துகிறது என்று பல அளவீடுகள் காட்டுகின்றன, அது உண்மைதான். சாதாரண மேல் பல்செட்டில் அந்தப் பொருத்தம் பிடிமானமாகவும் மாறும். ஆனால் திருகு இருக்கும் கீழ் பல்செட்டில் பிடிமானத்தைத் தருவது அந்த மாட்டல் பகுதி. செய்முறைகளுக்கு இடையே பேசப்படும் வேறுபாடு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்ற வரிசையில் வருவது. ஈற்றின் மென்மையே அந்த அளவுக்கு அமுங்கிக்கொடுக்கும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல்லில்லாத வாயை நேரடியாக ஸ்கேன் செய்வது இன்னும் கடினமான வேலை. எச்சில் பளபளக்கும், ஈறும் கன்னமும் அசைந்துகொண்டே இருக்கும். அதனால் பல இடங்களில் கையால் அளவெடுத்து, அந்த அச்சைத்தான் ஸ்கேன் செய்கிறார்கள். அந்தக் கை சரியில்லை என்றால், தவறான அளவை மிகத் துல்லியமாகக் கடைந்து தரத்தான் இயந்திரத்தால் முடியும். மேல்தாடையும் கீழ்த்தாடையும் எந்த உயரத்தில், எந்த இடத்தில் சந்திக்க வேண்டும் என்று முடிவு செய்வதும் மருத்துவரின் வேலையே.

‘திருப்தி’ என்ற அளவுகோலையும் கேள்வி கேட்காமல் விட முடியாது. இந்த ஆய்வுகளில் பயன்படும் கேள்வித்தாள்கள் ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் உருவானவை. மெல்ல முடிகிறதா, வலிக்கிறதா, பிறர் முன் கூச்சமாக இருக்கிறதா என்று கேட்பவை. கேள்விகளில் குறையில்லை. பதிலில்தான் சிக்கல். இலவசமாகப் பல்செட் கட்டிக்கொடுத்த மருத்துவரே எதிரில் உட்கார்ந்து கேட்டால், நம் ஊர்ப் பெரியவர்கள் ‘நல்லா இருக்குங்கய்யா’ என்பார்கள். அதில் பல்செட்டைப் பற்றிய கருத்து பாதி, மரியாதை பாதி. பல வருடம் ஈற்றாலேயே மென்று பழகியவருக்கு எதைக் கொடுத்தாலும் முதல் மாதம் முன்னேற்றமாகத்தான் இருக்கும். எனவே எல்லா முறைகளும் தொண்ணூறு மதிப்பெண் வாங்கினால், முறைகள் சமம் என்பது ஒரு விளக்கம். அளவுகோலுக்குக் கூர்மை போதாது என்பது இன்னொரு விளக்கம். இந்த இரண்டாவது விளக்கம் என் வாதத்தையும் ஓரளவு பலவீனமாக்குகிறது. அதற்கு மாற்றாக வேறு கேள்விகளைக் கேட்கலாம், அதுவும் கட்டியவர் அல்லாத இன்னொருவர் வீட்டுக்கே போய்க் கேட்கலாம். ஆறு மாதம் கழித்து, சாப்பிடும் நேரத்தில் கீழ் பல்செட் வாயில் இருக்கிறதா, டப்பாவில் இருக்கிறதா? கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து முறுக்கைக் கடிக்கிறாரா? விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டாவை மெல்ல முடிகிறதா, அல்லது சால்னாவில் ஊறவைத்து விழுங்குகிறாரா? 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர்கள் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடிப் போகிறார்கள். அதே வருகையில் இந்த மூன்று கேள்விகளையும் கேட்டுவரச் செய்தால், எந்த ஆய்வேட்டிலும் கிடைக்காத தகவல் கிடைக்கும்.

செய்முறை உண்மையாகவே முக்கியமாகும் இடம் ஒன்று உண்டு, அது வலிமை. திருகின் தலை உட்காரும் இடத்தில் பல்செட்டின் அடிப்பகுதியைக் குடைய வேண்டியிருக்கிறது; அங்கே தடிமன் குறைகிறது. திருகு இருக்கிற தைரியத்தில் நோயாளி முன்னைவிட அழுத்திக் கடிக்கிறார். இரண்டும் சேர்ந்து, பல்செட் அந்த இடத்தில்தான் விரிசல் விடும். இதில் கடைந்த அக்ரிலிக்குக்குச் சாதகம் அதிகம். முன்பே முழுதாக இறுகிய பொருள் என்பதால் நுண்துளைகளும் இறுகாமல் மிஞ்சும் மூலப்பொருளும் குறைவு. அச்சிட்டவை பொதுவாக அதைவிடப் பலம் குறைந்தவை. ஆனால் பழைய முறையில் ஒரு வசதி இருக்கிறது. உள்ளே உலோக வலையையோ கோபால்ட்-குரோமியச் சட்டத்தையோ வைத்து வேகவைத்துவிடலாம். கடையும்போதோ அச்சிடும்போதோ அவ்வளவு எளிதாக அதைச் செய்ய முடியாது. ஆக, வலிமை வேண்டும் என்பவருக்குக்கூட டிஜிட்டல்தான் ஒரே விடை என்று சொல்வதற்கில்லை. உள்ளே சட்டம் வைத்த, அனுபவமுள்ள டெக்னீஷியன் கையால் செய்த பல்செட், அச்சிட்ட பல்செட்டைவிட நீண்ட நாள் உழைக்கலாம்.

டிஜிட்டலின் உண்மையான பயன் தூரத்தைக் குறைப்பதில் இருக்கிறது. வழக்கமான முறையில் முதல் அளவு, இரண்டாம் அளவு, கடி உயரம் பார்ப்பது, மெழுகில் மாட்டிப் பார்ப்பது, கடைசியில் பொருத்துவது என்று ஐந்து நடை. பிறகு உறுத்தும் இடத்தைத் தேய்க்க இரண்டு மூன்று நடை. டிஜிட்டல் முறையில் முதல் ஐந்தையும் மூன்றாகவோ, சிலருக்கு இரண்டாகவோ சுருக்கலாம். மாநிலத்தின் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டையில் இருக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் பக்கத்துக்காரருக்கு மதுரைத் தனியார் கல்லூரிகளே பக்கம். அந்தப் பக்கமும் எழுபது, எண்பது கிலோமீட்டர். சுந்தரபாண்டியத்தில் தறியில் உட்காரும் ஒருவருக்கு ஒரு நடை என்றால் ஒரு நாள் கூலி போச்சு. துணைக்கு வரும் மகனோ மகளோ இராஜபாளையத்து மில்லில் வேலை செய்தால் அவர்களுக்கும் ஒரு நாள். ஐந்து நடை மூன்றானால் மிச்சமாகும் இரண்டு நாள் கூலியை எந்தத் திருப்திக் கேள்வித்தாளும் அளப்பதில்லை. இதோடு இன்னொரு வசதியும் உண்டு. பல்செட்டின் கோப்பு கணினியில் இருக்கும். உடைந்தாலோ, ஊருக்குப் போன இடத்தில் தொலைந்தாலோ, மறுபடி அளவெடுக்காமலே இன்னொன்று செய்யலாம். எனவே இயந்திரத்தை ஒவ்வொரு கிளினிக்கிலும் வாங்கிப்போட்டு அதன் வட்டியை நோயாளி தலையில் கட்டுவதைவிட, மாவட்டத்துக்கோ இரண்டு மாவட்டத்துக்கோ ஒன்றாக ஒரு பொது லேபில் வைப்பதே பொருத்தம். 2022 ஜனவரியில் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி அதற்கு இடம் கொடுக்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இராஜபாளையத்திலும் அரசு மருத்துவமனைப் பல் மருத்துவர் அளவெடுத்து அனுப்பினால் போதும். இதனால் டெக்னீஷியன்களுக்கு வேலை போய்விடும் என்ற அச்சம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. பல்வரிசையைக் கணினியில் அடுக்கவும், வெளியே வந்ததை மெருகேற்றவும், உடைந்ததை ஒட்டவும் பல்லைப் பற்றித் தெரிந்த ஒருவர் வேண்டும்.

திருகு என்பதே வசதியானவர்களின் வைத்தியம், ஏழைகளுக்கு முதலில் சாதாரண பல்செட்டாவது கொடுங்கள் என்ற மறுப்பைத் தள்ளிவிட முடியாது. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள முதியோருக்கு இலவசப் பல்செட் தரும் திட்டத்தைக் கர்நாடகம் 2014இல் தொடங்கியது. தமிழ்நாடு இதில் என்ன செய்தது என்று அவர்கள் கேட்டால் பதில் சொல்வது கடினம். மேல்தாடைக்கு அவர்கள் சொல்வது சரி, சாதாரண பல்செட்டே போதும். கீழ்த்தாடையில் நிற்காத ஒன்றைக் கொடுத்துவிட்டு ‘பயனாளிகள் இத்தனை பேர்’ என்று கணக்கு எழுதினால், அந்தப் பல்செட் அலமாரி டப்பாவுக்குள் போய்விடும். செலவு அரசுக் கணக்கில் நிற்கும். இரண்டு திருகுக்கு வழியில்லை என்றால் ஒன்றாவது பதிக்கலாம். கனடாவின் வான்கூவரில் வால்டனும் அவர் குழுவினரும் 86 பேரிடம், கீழ்த்தாடையின் நடுவில் ஒரே திருகும் வழக்கமான இரண்டு திருகும் பதித்து ஒப்பிட்டார்கள். 2009இல் வெளிவந்த முடிவு, ஓராண்டுக்குப் பிறகு திருப்தியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பது. கிடைக்கும் பணத்துக்கு இயந்திரத்தின் பெயரை வாங்குவதா, ஒரு திருகை வாங்குவதா என்று கேட்பவருக்கு இதைவிட நேரான பதில் கிடைக்காது. விலைக்கும் வழி இருக்கிறது. முழங்கால் மாற்று உறுப்புகளுக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு விலை உச்சவரம்பு விதித்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் இதய ஸ்டென்டுக்கும் விதித்தது. பல் திருகுக்கும் அப்படி ஒரு வரம்பு கேட்பதில் தவறில்லை. எல்லோருக்கும் திருகு பொருந்தும் என்றும் நான் சொல்லவில்லை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கும், பீடியும் புகையிலையும் விடாதவருக்கும் எலும்பு திருகைப் பிடித்துக்கொள்ளாமல் போகும் ஆபத்து கூடுதல். எலும்புத் தேய்மானத்துக்குச் சில மருந்துகள் எடுப்பவர்களிடம் தனி எச்சரிக்கை வேண்டும். இவர்களைப் பிரித்தறிவது மருத்துவரின் வேலை. அதற்கான சர்க்கரைப் பதிவேடு வீடு தேடி வரும் திட்டத்திடமே இருக்கிறது.

இதை அரசு கையில் எடுத்தால் டெண்டரில் எழுத வேண்டியவை கொஞ்சம்தான். ஆனால் பெரும்பாலும் விடுபடுபவையும் அவைதாம். பல்செட் எந்த முறையில் செய்யப்பட வேண்டும் என்று எழுதவே வேண்டாம். அடிப்பகுதியின் வளைவு வலிமை சர்வதேசத் தரம் கேட்கும் 65 மெகாபாஸ்கலுக்குக் குறையக் கூடாது, திருகின் மேல் வரும் இடத்தில் இவ்வளவு தடிமன் அல்லது உள்ளே உலோகச் சட்டம் இருக்க வேண்டும் என்று எழுதினால் போதும். கையால் செய்பவரும் இயந்திரத்தில் செய்பவரும் போட்டியிடட்டும். அடுத்தது, பல்செட்டுக்குள் திருகின் தலையைக் கவ்விப் பிடிக்கும் சின்ன நைலான் வளையம். அது நாளாக நாளாகத் தேயும், ஓராண்டிலோ இரண்டாண்டிலோ மாற்ற வேண்டும். ஒவ்வொரு வகைத் திருகுத் தலைக்கும் பெரும்பாலும் அதற்கேற்ற வளையம்தான் சேரும். அந்த நிறுவனம் சந்தையை விட்டுப் போனால், வாயில் உறுதியாக நிற்கும் திருகும் வீணாகிவிடலாம். ஆகவே பத்து ஆண்டுகளுக்கு உதிரிபாகம் தருவேன் என்று எழுதிக்கொடுக்காத நிறுவனத்திடம் திருகு வாங்கக் கூடாது. அந்த வளையங்களும் அவற்றை மாற்றும் கருவியும் சென்னைக் கிடங்கில் இல்லாமல் ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவில் எப்போதும் இருக்க வேண்டும். சுந்தரபாண்டியத்திலிருந்து ஒருவர் காலை பஸ்ஸில் வந்து, வளையத்தை மாற்றிக்கொண்டு, மதியத்துக்குள் தறிக்குத் திரும்ப முடிய வேண்டும்.